மாமாவின் வாய்க்குள் நான் வைத்த சவ்வு

ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த மருமகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது ஆபத்து. அந்த மருமகன் நான்தான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

காஹாங்கில் இருக்கும் என் மாமனாருக்கு முன்பல் ஒன்று போய், அந்த இடத்துத் தாடை எலும்பும் தேய்ந்திருந்தது. இளைய மகளின் கல்யாணப் படத்தில் கையால் வாயை மூடாமல் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. தெப்ராவில் எங்கள் வீட்டுப் பக்கமுள்ள பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. புதுப் பல் பதிக்கும் முன் எலும்பு வளர வேண்டுமாம். அதுவரை ஈறு உள்ளே புகாமல் தடுக்க ஒரு சவ்வு வைப்பார்களாம். அதில் இரண்டு வகை. ஒன்று தானாகக் கரைந்துவிடும், ஆனால் மாட்டுத் தோலிலிருந்து எடுத்தது. இன்னொன்றில் மாடு இல்லை, ஆனால் கரையாது. மறுபடி ஈறைக் கீறி வெளியே எடுக்க வேண்டும்.

"அங்கிளைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

மாமாவுக்கு மாடு என்றால் சாமி. சந்தையில் மாட்டிறைச்சி விற்கும் வரிசையில்கூட நடக்கமாட்டார். (நானோ இரண்டு சவ்வுகளையும் ஒப்பிடும் காணொளிகளாகப் பார்த்து அரை டாக்டராகியிருந்தேன்.)

"என்ன சொல்றாங்க மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல மாமா, சின்ன சவ்வு. நான் பாத்துக்கிறேன் லா."

கரைவதையே வைக்கச் சொன்னேன். மறுபடி கத்தி படக்கூடாதே என்ற அக்கறைதான். கரைந்த பிறகு யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியமும்.

அடுத்த முறை நான் காரை நிறுத்திவிட்டு உள்ளே போவதற்குள், டாக்டர் அவரிடமே மலாயில் எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் மண்டோராக இருந்தவர் மாமா. என்னைவிட நன்றாக மலாய் பேசுவார். இதுகூட என் அரை டாக்டர் மூளைக்கு எட்டவில்லை.

"இன்னொரு வாட்டி அறுத்திருந்தாலும் தாங்கியிருப்பேன் மாப்பிள்ளை. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

எலும்பு அருமையாக வளர்ந்தது. மாமாதான் பல்லே வேண்டாம் என்றுவிட்டார். கல்யாணப் படத்தில் எல்லோரும் சிரிக்க, அவர் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறார். எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

இப்போது அவருக்குக் கோபமில்லை. ஆனால் குடும்பமாகச் சாப்பாட்டுக் கடைக்குப் போய், கடைக்காரர் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், மாமா என்னைக் கைகாட்டுவார்.

"அவர கேளுங்க தம்பி. என் வாய்க்குள்ள என்ன போகணும்னு அவர்தான் முடிவு பண்ணுவாரு."

மொத்த மேசையும் சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். அப்போது மட்டும் அவர் கையால் வாயை மூடுவதில்லை.