சூப்பர்சானிக்கில் ஒரு தே தாரிக்

செமிலிங்,
ஞாயிறு மாலை.

பெண்டாங்கில் துணிக்கடையையும் தொப்பையையும் ஒருசேர வளர்த்துவரும் அன்புள்ள ஜபருல்லா மாமாவுக்கு, மருமகன் ஃபிரோஸின் அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அத்தா, அம்மா, நான் மூவரும் நலம். உங்கள் நலமும் மாமியின் நலமும் அறிய ஆவல். உங்களுக்கு டத்தோ பட்டம் கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் நான் விளையாடியதிலிருந்து என் மெசேஜ் எதையும் நீங்கள் நம்புவதில்லை என்பதால், இதைப் பேனாவால் எழுதுகிறேன்.

மாமா, நான் சூப்பர்சானிக் போர் விமானம் ஓட்டினேன். விமானத்தைத் தரையோடு திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள் என்பது சின்ன விவரம். அலோர் ஸ்டாரில் பட்டறை வைத்திருக்கும் ஹேமநாதன் அண்ணன், அந்தக் காலத்துப் போர் விமானம் ஒன்றின் மூக்குப் பகுதியை அப்படியே செய்து, முன்னால் பெரிய திரை மாட்டி, எங்கள் பள்ளிக்கூட கேன்டீன் டே விழாவுக்குக் கொண்டுவந்திருந்தார். பட்டறையில் நிஜமான பழைய விமானமே ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்ய, லீவு நாளான வெள்ளி, சனிகளில் கூடமாட உதவ ஒரே ஓர் ஆள் வேண்டுமாம். எங்கள் மாமாக் சாப்பாட்டுக் கடையில் டீயை உயர இழுத்து ஆற்றி தே தாரிக் போடுவது நான்தானே, அதனால் கூட வந்திருந்த அத்தாவைப் பார்த்தேன். "வெள்ளி சனியிலதான்டா கடையில கூட்டம். நீ போயிட்டா டீத்தண்ணி யாரு கலக்குறது?" என்றார். நான் விடவில்லை. கடைசியில், "சரி, இதை ஒடைக்காம எறக்கிக் காட்டு, போலாம். விழுந்துச்சு, பிளேன்ங்கிற பேச்சே எடுக்கக் கூடாது" என்றார்.

ஏறினேன். இடக்கையில் வேகத்துக்கான பிடி, வலக்கையில் மூக்கைத் தூக்கி இறக்கும் தடி. பிடியை முழுசாகத் தள்ளியதும் பின்னாலிருந்து யாரோ முதுகில் உதைத்த மாதிரி இருந்தது மாமா, ஜெராய் மலை பக்கத்தில் வந்தது, காணோம், உங்க பெண்டாங் வயலெல்லாம் ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான், லேசா திரும்பலாம்னு சாய்ச்சா பாதி கெடா முடிஞ்சிருச்சு. ஒலியின் வேகத்தை, அதாவது மாக் ஒன்றை, தாண்டும்போது பெரிசா வெடிக்கும்னு காத்திருந்தேன். வேகம் காட்டும் ஊசி ஒரு துள்ளு துள்ளியது. உள்ளே சத்தமே இல்லை. சத்தமெல்லாம் கீழே இருக்கிறவங்களுக்காம். நம்ம வீட்டுச் சண்டை மாதிரி.

மாக் ஒன்றைத் தாண்டினாலும் மாமாக் கடையைத் தாண்ட முடியவில்லை என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் பதறினேன். பதறினால் என் கைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வலக்கை மேலே, இடக்கை கீழே. மூக்கு வானத்தைப் பார்த்தது, வேகம் செத்தது, நாற்காலி தடதடவென்று ஆடியது. பின்னால் நின்ற அத்தாதான் முதலில் கண்டுபிடித்தார்.

"டேய்! தே தாரிக் ஆத்துறியாடா? வலது கைய எறக்கு! இடது கைய முன்னால தள்ளு!"

தள்ளினேன். விமானம் மூச்சு வாங்கியது.

"இப்ப கிளாஸ் கிட்ட வந்துட்ட. நொரை வேணாம். சிந்தாம ஊத்து... ஊத்து... பாஸ் லா!"

சக்கரம் தரையைத் தொட்டது மாமா! கூட்டமே கைதட்டியது. அப்புறம் அத்தா, "நவுரு, அது என்னான்னு பாக்குறேன்" என்று ஏறியவர்தான், வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தும் இறங்கவில்லை. "அங்கிள், போதும் லா" என்று ஹேமநாதன் அண்ணன் கெஞ்சியதைப் பார்க்க நீங்கள் இல்லாமல் போனீர்களே.

ஆகவே, ஜெயித்த மருமகனின் வேண்டுகோள்: இனி வெள்ளி, சனிகளில் உங்கள் கடையை மாமியிடம் விட்டுவிட்டு, இங்கே வந்து எனக்குப் பதிலாகத் தண்ணி கலக்குங்கள். நீங்கள் சொன்னால் அத்தா தட்ட மாட்டார்.

மாமிக்கு என் சலாம். உங்கள் துணியெல்லாம் விற்றுத் தீர, சர்க்கரை மட்டும் இறங்க, என் துஆ.

வானளாவிய அன்புடன்,
கேப்டன் ஃபிரோஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஹேமநாதன் அண்ணன் போன் செய்தார். அந்த ஒரே இடத்தை அத்தாவுக்குக் கொடுத்துவிட்டாராம், கை நிதானமாம். அத்தா இப்போது கண்ணாடி முன்னால் தொப்பி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெள்ளி, சனி தண்ணி கலக்கப் போவது நான். மாமா, நீங்க கண்டிப்பா வாங்க. தண்ணி கலக்க வேணாம். அத்தாவை எறக்கி விடுங்க, போதும்.