ஒரு கிலோ சொன்னேன், ஒரு தேக்சா வந்தது

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இந்த மாதத்தோடு முழுக்குப் போடுவது என்று வெள்ளிக்கிழமை காலை சபதம் எடுத்தேன்.

எனக்கு ஜெபத்தோடு பகை கிடையாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நின்றுகொண்டே சோல் ஒட்டுகிறவன் நான். வாரத்தில் காலை நீட்டிப் படுக்கக் கிடைப்பது சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அதுவும் போய்விடும். பாட்டு, ஜெபம், சாட்சி, சாப்பாடு என்று இருபது பேர் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். என் கட்டில் வாசலுக்குப் போய்விடும்.

என் மனைவி அமிர்தவள்ளிக்கு எதற்கெடுத்தாலும் ஒரே பதில்: "கர்த்தர் பாத்துக்குவார்." கேஸ் தீர்ந்தாலும் அதுதான், எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான். சரி, பார்க்கட்டும்! அவள் கொடுத்த மளிகை லிஸ்டை அப்படியே பாக்கெட்டில் பதுக்கினேன். வந்தவர்கள் வெறும் டீயோடு திரும்பினால் அடுத்த மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதற்காக நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? எல்லோரும் போன பிறகு எட்டரைக்குக் கொண்டுவரும்படி பிரியாணிக் கடை முஸம்மில் பாயிடம் ரகசியமாக ஒரு கிலோ பிரியாணி சொல்லிவைத்தேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் சமையலறையிலிருந்து வந்தாள்.

"இன்னாங்க, அரிசி எங்க?"

"ஐயையோ, மறந்துட்டேன் அமிர்தம்!"

"ஆறு மணிக்கு வந்துடுவாங்களே."

"இனிமே வாங்கி எப்ப ஆக்கறது? நிறுத்திடலாமா?" என்றேன், ரொம்பப் பரிவோடு.

"வேணாம். கர்த்தர் பாத்துக்குவார்."

நான் நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டேன்.

கர்த்தர் செய்ததை எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அமிர்தவள்ளி எழுந்தாள். "எங்க அடுப்படில ஒரு பிடி அரிசி இல்ல. ஆனா யாரும் பசியோட போவ மாட்டீங்க. ஆண்டவர் அனுப்புவார்."

மாட்டிக்கொண்டாள்! எனக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. முஸம்மில் பாயும் அவர் ஆளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி ஒரு பெரிய தேக்சாவோடு, அண்டா நிறைய பிரியாணியோடு, நின்றார்கள். பின்னாலேயே ஒரு பையன், வாளி நிறைய கத்திரிக்காய்த் தொக்கோடு.

"பாய், இன்னா இது? நான் ஒரு..." நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒரு நிச்சயதார்த்தம் தள்ளிப்போச்சு சார். துட்டு குடுத்துட்டாங்க, யாருக்காச்சும் போட்டுருங்கன்னாங்க. இங்க கூட்டம்னு கேள்விப்பட்டேன்."

"அல்லேலூயா!" என்ற சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பாஸ்டர் தேவசகாயம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நான் மூன்று முறை.

எல்லோரும் போனபின் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலரைக்கு முட்டி போட்டேன். அஞ்சு மணிக்கு உங்க போன் அடிச்சிது. நீங்க தூங்கினு இருந்தீங்க, நான் எடுத்தேன். 'ஒரு கிலோவோட ஒரு தேக்சாவும் நிக்குது, கொண்டாரட்டுமா?'ன்னாரு பாய். கூட்டத்துக்கே கொண்டாங்கன்னேன்."

"அப்ப அந்த ஒரு கிலோ..."

"தெரியும். லிஸ்டு உங்க பாக்கெட்ல இருந்ததும் தெரியும்." கோபமே இல்லாமல் சிரித்தாள்.

"பாஸ்டர் சொன்னத கேட்டீங்களா? இவ்ளோ ஆசீர்வாதமான வீட்டுக்கு மாசம் ஒருக்கா வந்தா பத்தாதாம். இனிமே எல்லா சனிக்கிழமையும் இங்கதானாம்."