துப்பு கொடுத்தவர்

பயிர்க் காப்பு அலுவலக வாசலில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்று: ‘அந்நியப் பூச்சி குறித்துத் துப்பு தாரீர்.’ இன்னொன்று: ‘இங்கே துப்பாதீர்.’ எலுமிச்சைத் தோட்டக்காரர் வெள்ளந்தி மனுஷர். முதல் பலகையை நம்பி உள்ளே போனார்.

போகாமல் என்ன செய்வார்? பக்கத்து நாற்றுப்பண்ணையில், செருப்புப் பெட்டிகளுக்குள் ஒளிந்தபடி கடல் தாண்டிக் கன்றுகள் வந்திறங்கியிருந்தன. கூடவே ஒரு புள்ளி வண்டும். அது பட்டையைத் துளைத்தால் மரம் அவ்வளவுதான். தோட்டம் போனால் அவருக்குச் சோறு போச்சு. பண்ணைக்காரன் வேறு யாருமில்லை, பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. “அவனையா காட்டிக் கொடுக்கப் போறீங்க?” என்று வீட்டில் ஒரு பாட்டம் அழுகை. மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

“சார், என் மச்சான் பண்ணையில திருட்டுக் கன்னு. அதுல அந்நிய வண்டு.”

அதிகாரி நிமிர்ந்தார். “சந்தேகப்படறீங்களா, உறுதியாச் சொல்றீங்களா?”

“உறுதியாத்தான் சார். கண்ணால பார்த்தேன்.”

“இது சந்தேகப் பிரிவு. உறுதியானதை இங்க வாங்கறதில்ல.”

“சரி, சந்தேகம்னே வச்சுக்குங்க.”

“வெறும் சந்தேகத்துக்கு ஜீப்பைக் கிளப்ப முடியுமாய்யா? மாதிரி கொண்டாங்க.”

மறுநாள் ஒரு ஜாம் பாட்டிலில் வண்டோடு வந்தார்.

“எங்க பிடிச்சீங்க?”

“வேலியோரம், என் பக்கம். பறந்து வந்துடுச்சு சார்.”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “ஆக, வண்டு உங்க தோட்டத்துல. பாட்டில் உங்க கையில. அனுமதியில்லாம ஊர் நடுவுல கொண்டுவந்ததும் நீங்களே. அடடா, இவ்வளவு தெளிவான வழக்கை இந்த ஆபீஸ் பார்த்ததே இல்ல!”

உறுதிப்படுத்திக்கொள்ள மூடியைத் திறந்தார். வண்டு ஜன்னல் வழியாக ஊரைப் பார்க்கப் புறப்பட்டது. “தப்பவிட்ட குற்றமும் உங்களோடதுதான்” என்றார் அதிகாரி, கனிவாக.

எலுமிச்சை மரங்கள் சட்டப்படியும் உரிய மரியாதையோடும் வேரோடு வெட்டிச் சாய்க்கப்பட்டன. தோட்டக்காரர் வெட்டிய கட்டை மேலே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மச்சான் பண்ணைக்கு யாரும் போகவில்லை. அங்கே எதுவும் உறுதியாகவில்லையே!

அடுத்து அலுவலக வாசலில் பாராட்டு விழா. ‘விழிப்பான குடிமகன்’ கேடயம் மச்சானுக்கு. ‘பாட்டிலும் கையுமா ஒருத்தர் போறார், சந்தேகமா இருக்கு’ என்று போன் போட்டுச் சொன்னவன் அவன்தானாம். சரியான பிரிவுக்குச் சரியான தகவல்.

“தப்பா நினைக்காதீங்க மாமா. சொந்தம் வேற, கடமை வேற” என்றான், கூட்டத்தில் நின்ற தோட்டக்காரரிடம்.

விழா முடிவில், பயிர் காக்கும் உறுதிமொழி எடுத்த அத்தனை பேருக்கும் வீட்டுக்கு ஒரு கன்று இலவசம். மச்சான் பண்ணைக் கன்றுதான். தம்பி பெருமையில் பூரித்துப்போய் அவர் பெண்டாட்டியும் ஒன்றை வாங்கி வந்து அங்கேயே அவர் கையில் கொடுத்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் புள்ளி வண்டு, ஜோடியாக.

மேடையிலிருந்து அதிகாரி கவனித்துவிட்டார். “என்ன, ஏதாவது சந்தேகமா?”

ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தோட்டக்காரருக்கு வாய் நிறைய எச்சில் ஊறிவிட்டது. தலைக்கு மேலே அந்த இரண்டாவது பலகை.

விழுங்கிக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.