கொம்பு மாப்பிள்ளை

வெளிநாடு போய் வந்தவனிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவான். அவன் வாத்தியக்காரனாகவும் இருந்துவிட்டால் சொல்வதோடு நிற்க மாட்டான், வாசித்தும் காட்டுவான். இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அந்த ஆள் நான்தான்.

இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவன் நான். பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் பிடித்தேன். பிறகு நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் விருந்தாளிகள் சூப் குடிக்கும்போது பக்கத்தில் நின்று சாக்ஸபோன் ஊதினேன். அங்கே கேட்ட யாரோ ஒரு புண்ணியவான் என்னை உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டான். கப்பல் நின்ற துறைமுகங்களில் எல்லாம் இறங்கி ஓடி ஓடி ஜாஸ் கேட்டேன். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கும்பகோணம் பக்கம் போய் ஒரு நாதஸ்வர வித்வானின் காலடியில் உட்கார்ந்து கர்நாடக சங்கீதம் கற்றேன். இரண்டையும் கலந்து எனக்கென்று ஒரு பாணி வைத்திருந்தேன். அந்தப் பாணியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். கேட்கிறவர்கள் நிமிடக் கணக்கில் எழுந்து போய்விடுவார்கள்.

வித்வான் சொல்லிக் கொடுத்ததில் பெரிய வித்தை மூச்சு விடுகிற வித்தை. கன்னத்தில் காற்றை அடக்கி அதை ஊதிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் அடுத்த மூச்சை இழுத்துவிட வேண்டும். ஸ்வரம் அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கும். கேட்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டும்.

இத்தனை இருந்தும் எனக்குப் பெண் கிடைக்கவில்லை. "பையன் கப்பல்ல பீப்பீ ஊதுறானாம்" என்ற ஒரு வரியில் என் ஜாதகத்தை மூடி வைத்தார்கள். அம்மா கவலையில் இளைத்துவிட்டாள் (என்று அவளே சொல்லிக்கொண்டாள்). அப்போதுதான் தரகர் ஒரு படம் கொண்டுவந்தார். பக்கத்துத் தோட்டத்துக் கண்டாக்கையாவின் மகள் கோமதி, பள்ளிக்கூட டீச்சர். கண்டாக்கு என்றால் சும்மாவா? தோட்டத்து மலை வேலையெல்லாம் அவர் பார்வையில்தான் நடக்கும், அவருக்கு மேலே மேனேஜர் துரைதான். என் அம்மாவோ கொழுந்து பறித்து என்னை வளர்த்தவள். பெரிய இடம். ஆனால் நான் இடத்தைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தேன். எல்லாப் பெண்களும் படத்தில் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல நிற்கும்போது, இவள் ஏதோ வேடிக்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கப்பலோடு போய்விட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இந்த இடத்தில், அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலைச் சைரன் அந்த வாரம் பழுதாகிக் கிடந்தது. திருத்துகிறவன் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் பரணில் கிடந்த பழைய பித்தளைக் கொம்பைத் துடைத்து எடுத்து, காவல்காரர் ஊதிக்கொண்டிருந்தார். நீளமாக ஒரு முறை ஊதினால் வேலை விட்டாயிற்று, கொழுந்து நிறுக்க இறங்கலாம். மூன்று முறை ஊதினால் ஆபத்து, எல்லோரும் ஓடி வர வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அம்மாவும் நானும் பெண் பார்க்கப் போனோம். கையில் வெற்றிலை, பழம், சாக்ஸபோன் பெட்டி. "அத எதுக்குடா தூக்கிட்டு வர்ற?" என்றாள் அம்மா. "கேட்டாங்கன்னா?" என்றேன். "கேக்க மாட்டாங்க" என்றாள். கேட்டார்கள்.

கேசரி, வடை, பிளேன்டீ எல்லாம் ஆனது. கோமதி வந்து உட்கார்ந்தாள். என்னை ஒரு முறை, பெட்டியை இரண்டு முறை பார்த்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பாடச் சொல்வதுதான் உலக வழக்கம். கண்டாக்கையா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி ஒலகமெல்லாம் வாசிச்சிருக்கீங்களாமே. நம்ம வீட்லயும் ஒரு பாட்டு வாசிங்களேன். ஏதாச்சும் பழைய சினிமாப் பாட்டா."

சினிமாப் பாட்டா! எனக்கு எங்கேயோ குத்தியது. அந்த மனுஷன் கேட்டதை வாசித்துவிட்டு வடை சாப்பிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஜாஸ்ல பாட்டு முக்கியம் இல்லைங்க. பாட்டுக்குள்ள என்ன இருக்குங்கிறதுதான் முக்கியம்."

கண்டாக்கையா கையிலிருந்த வடையைப் பிட்டு உள்ளே பார்த்துக்கொண்டார். கோமதி முந்தானையால் வாயை மூடினாள். பக்தி என்று நினைத்தேன்.

"நான் வெளிய நின்னு வாசிக்கிறேங்க" என்று எழுந்தேன்.

"உள்ளயே வாசிங்க தம்பி. வெளிய குளிரு."

"இல்லைங்க. உள்ள ஓசை அடைஞ்சிரும். மலையில பட்டுத் திரும்பி வந்தாத்தான் அது சங்கீதம்."

வாசலுக்கு வந்தேன். எதிர் மலை முழுக்க மூடுபனி. அந்தப் பனிக்குள்ளே தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள் என்பது என் கண்ணுக்கும் தெரியவில்லை, புத்திக்கும் எட்டவில்லை. என் திட்டம் பெரியது. முதலில் ஹம்சத்வனியில் ஒரு ஆலாபனை. அதிலிருந்து நழுவி ப்ளூஸ். அங்கேயிருந்து மோகனத்துக்கு ஒரு தாவல். ஆனால் எந்த ராகமாக இருந்தாலும் முதலில் ஆதார சட்ஜத்தை, அந்த ஒரே ஒரு 'ஸ'வை, ஆடாமல் அசையாமல் நிறுத்த வேண்டும் என்பது என் வித்வானின் கட்டளை. கண்ணை மூடினேன். கீழேயிருந்து மெல்ல வழுக்கி ஏறி 'ஸ'வைப் பிடித்தேன். நிறுத்தினேன். கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் இழுத்து, நிறுத்திக்கொண்டே இருந்தேன்.

உள்ளே அம்மா எழுந்து நின்றுவிட்டாளாம். அவள் சிறு வயதில் எங்கள் தோட்டத்திலும் கொம்புதான். காதில் விழுந்ததும் உடம்பு தானாக எழுந்து, சேலையை உதறிச் செருகி, கொழுந்துக் கூடையைத் தேடியதாம். கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்த எனக்கு, மரியாதைக்கு எழுந்து நிற்கிறாள் என்று கண் கலங்கியது.

கண்டாக்கையா ஓடி வந்து என் முன்னால் இரண்டு கையையும் ஆட்டினார். தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். ஆதியும் இல்லை, ரூபகமும் இல்லை, எந்தக் கணக்கிலும் அடங்காத தாளம். மனுஷனுக்கு ஜாஸ் பிடிபட்டுவிட்டது என்று மகிழ்ந்துபோனேன்.

நான் நிறுத்தியபோது எதிரே பனி கொஞ்சம் விலகியது. மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தலையில் கொழுந்துச் சாக்கு, முகத்தில் சந்தோஷம். ஒருவர் இருவர் அல்ல, வரிசை வரிசையாக. கப்பலில் பத்து வருஷம் வாசித்திருக்கிறேன், நண்டை உடைப்பதை நிறுத்திவிட்டு ஒரு ஆள் நிமிர்ந்து பார்த்ததில்லை. இங்கே ஒரு 'ஸ'வுக்கு ஒரு மலையே இறங்கி வருகிறது! என் மக்கள், என் மண் என்று நெஞ்சு விம்மியது. இன்னொரு 'ஸ' கொடுத்தேன்.

கண்டாக்கையா சாக்ஸபோனின் வாயில் உள்ளங்கையை வைத்து அடைத்தார். (இந்த வாத்தியத்தில் ஓசை வாய் வழியாக மட்டும் வருவதில்லை, உடம்பிலுள்ள துளைகள் வழியாகவும் வரும். அவருக்கு அது தெரிய நியாயமில்லை.) ட்ரம்பெட்காரர்கள் ஒரு நயத்துக்காக இப்படிக் கையால் மூடித் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். மாமனாருக்கு இவ்வளவு தெரியுமா என்று பூரித்து, அவருக்காகவே மூன்றாவது 'ஸ'வை ஊதினேன்.

மூன்று முறை ஊதினால் என்ன என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

தொழிற்சாலை காலியானது. மணல் வாளி, தண்ணீர் வாளி, ஏணி, ஸ்ட்ரெச்சர் எல்லாம் மேட்டில் ஏறி ஓடி வந்தன. கொழுந்து லொறி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. நான் மார்பில் கையை வைத்து, குனிந்து வணங்கினேன். யாரும் கை தட்டவில்லை.

"எங்க தீ? எங்க தீ?" என்று கத்திக்கொண்டு முதலில் வந்தவர் பொய்லர்காரர். மேடு ஏறி வந்த களைப்பில் அவர் அதிகம் ஆராயவில்லை. குளிரில் என் வாயிலிருந்தும் சாக்ஸபோனின் வாயிலிருந்தும் ஆவி போய்க்கொண்டிருந்தது. புகை என்று முடிவு செய்து வாளியை அப்படியே என் மேல் கவிழ்த்தார்.

கடைசியில் துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சின்ன வயசுக்காரர், வேலைக்குப் புதிது. கூட்டத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நிற்கிற என்னைப் பார்த்தார்.

"கண்டாக்கையா, யாரு இது?"

கண்டாக்கையா என்னை ஏறிட்டுப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் ஒரு பழி வராமல் வேலை பார்த்த மனுஷன்.

"தெரியலைங்க சேர். டூரிஸ்ட் போல."

தண்ணீர் ஊற்றியபோதுகூட எனக்கு அவ்வளவு குளிரவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, இனிக் கப்பல்தான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்து மூடி என் கையில் கொடுத்தாள்.

"சரி, எல்லாரும் மலைக்குப் போங்க. இன்னும் நேரம் இருக்கு" என்றார் துரை.

யாரும் அசையவில்லை. கூட்டத்தின் முன்னால் நின்ற பாக்கியம் அக்கா சாக்கைக் கீழே இறக்கி வைத்தாள். அந்த மலையில் வேலை வாங்குகிற கங்காணிமாரே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

"ஊதுனா ஊதுனதுதாங்க தொரை. இனிமே மலை ஏற முடியாது. எல்லாருக்கும் முழுப் பேரு போடச் சொல்லுங்க." (ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு பேர் என்பது தோட்டத்துக் கணக்கு.)

"அது கொம்பு இல்ல பாக்கியம். யாரோ வழியில போறவன் ஊதினது" என்றார் கண்டாக்கையா.

"வழியில போறவரா? ஒங்க வீட்டு வாசல்ல, ஒங்க வீட்டு வடையத் தின்னுட்டு நின்னு ஊதுறாரு. அந்தம்மா வெத்தலத் தட்டோட நிக்கிறாங்க. ஒங்க மருமகன் ஊதுனா அது ஒங்க உத்தரவு மாதிரிதானே? இல்ல, யாரோ ஒருத்தர்னா சொல்லுங்க, நாங்க இப்பவே மலைக்குப் போறோம்."

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார். "நியாயந்தானே, கண்டாக்கையா? மருமகன்னா முழுப் பேரு. இல்லைன்னா எல்லாரும் மலைக்கு. நீங்களே சொல்லுங்க."

மலைப் பெண்கள் அத்தனை பேரும் கண்டாக்கையாவின் வாயையே பார்த்தார்கள். என் கல்யாணத்துக்கு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பேர் வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். கண்டாக்கையா வானத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், கடைசியாக மகளைப் பார்த்தார். கோமதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் இருந்த அதே சிரிப்பு.

"சொல்லுங்கப்பா" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "பாவம், மலை ஏறி இறங்குன கால் வலிக்கும் அவங்களுக்கு."

"மருமகன்தாங்க" என்றார் கண்டாக்கையா. பல் பிடுங்கும்போதுகூட ஒரு மனுஷன் அப்படி முகத்தை வைத்துக்கொள்ள மாட்டான்.

அப்போது எழுந்த கைதட்டல் இருக்கிறதே, அப்படி ஒன்றை எந்தத் துறைமுகத்திலும் நான் கேட்டதில்லை. பொய்லர்காரர் வாளியில் தட்டினார்.

இப்படியாக என் நிச்சயதார்த்தம், மலையில் முழுப் பேர் போட்ட நாளில் முடிந்தது. ஏன் சம்மதித்தாய் என்று கோமதியிடம் நான் கேட்காத வருஷமில்லை. "ஒங்களுக்காகன்னு யாரு சொன்னா? பாக்கியம் அக்காவுக்காக" என்பாள். சைரன் அடுத்த வாரமே திருந்திவிட்டது. ஆனால் அந்தத் தோட்டத்தில் எனக்குப் பெயர் கொம்பு மாப்பிள்ளை என்றே நின்றுவிட்டது. மாமனார் வீட்டுக்கு எப்போது போனாலும், அவர் தண்ணீர் கொடுக்கும் முன்னால் என் கையிலிருந்து பெட்டியை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். புறப்படும்போது பஸ் கண்ணில் தெரிந்த பிறகுதான் திருப்பித் தருவார்.

போன மாதம் அவருக்கு வேலையில் கடைசி நாள். மாலை போட்டு, துரை பேசி, கேக் வெட்டி, பகல் சாப்பாடும் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். எதிர் மலையில் பனி. அதற்குள்ளே பேச்சுக்குரல் கேட்டது, பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"சினிமாப் பாட்டா, மாமா?" என்றேன், பணிவாக.

"அதெல்லாம் வேணாம். அன்னிக்கு வாசிச்சீங்களே, அதையே வாசிங்க." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலை விடுவதற்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. "உள்ள வேணாம் மாப்பிள்ளை. வெளிய போய் நின்னு வாசிங்க."

வாசலில் நின்று கண்ணை மூடி 'ஸ'வைப் பிடித்தேன். மாமா பக்கத்தில் வந்து நின்றார். இந்த முறை கையை ஆட்டவில்லை. பனிக்குள்ளிருந்து பாக்கியம் அக்காவின் குரல் கேட்டது. "ஏய், கண்டாக்கையா மருமகன் ஊதிட்டாரு! எறங்குங்கடி!"

வந்துவிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் நான் இன்னும் இரண்டாவது ஸ்வரத்துக்குப் போகவில்லை.