மெதுவக்காவின் வெள்ளோட்டம்

காருக்குள் உட்காருவதே பெரும்பாடாக இருந்தது.

மற்றக் கார்களில் ஏற வேண்டும். இதில் இறங்க வேண்டியிருந்தது. மெதுவக்கா முதலில் காலை விட்டுப் பார்த்தாள். தலை கூரையில் இடித்தது. தலையை விட்டுப் பார்த்தாள். கால் தெருவிலேயே நின்றுவிட்டது. கடைசியில் காருக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஆனது ஆகட்டும் என்று பின்பக்கமாகச் சாய்ந்தாள். பொத்தென்று விழுந்த இடம், நல்லவேளையாக, ஓட்டுகிறவர் இருக்கைதான்.

"வசதியா இருக்கா?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து டைக்காரர் கேட்டார். அவர் ஏற்கெனவே ஏறி, நீளக் கால்களைக் குடை மாதிரி மடக்கி வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

"தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றாள் மெதுவக்கா. சந்தைக்குப் போனால் முதலில் சரக்கைப் பழிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் என்னவோ பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

அவளும் அவள் வீட்டுக்காரரும் சேர்ந்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்கள். மாணவர்கள் ஓட்ட, அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்று நாள் முழுக்க ஓதிக்கொண்டிருப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் போய் மெதுவக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. பயிற்சிக் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருட உழைப்பில் அவள் கால் அறிந்ததெல்லாம் அந்தப் பிரேக் ஒன்றுதான்.

அப்படிப்பட்டவள் கண்ணில்தான் இந்தக் கார் பட்டது. பழைய கார் விற்கும் கடையின் வாசலில், சிவப்பாக, தரையோடு தரையாக, இரண்டே இருக்கைகளோடு, மடக்கித் திறக்கும் கூரையோடு நின்றது. பார்த்த நாளிலிருந்து எல்லா மாணவர்களையும் அந்தத் தெரு வழியாகவே ஓட்டச் சொன்னாள். அவளிடம் படித்துத் தேறியவர்களுக்குப் பின்னால் எடுக்கத் தெரியாது, மேட்டில் நிறுத்தத் தெரியாது. ஆனால் கார்க் கடை முன்னால் உள்ள வளைவில் மட்டும் கண்ணைக் கட்டிவிட்டாலும் திரும்புவார்கள்.

வீட்டுக்காரரிடம் ஒரு தடவை பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்துவிட்டு, "ரெண்டே சீட்டுன்னா ஓட்டறவன் ஒருத்தன், சொல்லிக் கொடுக்க நான் ஒருத்தன். நீ எங்க உட்காருவ?" என்று கேட்டார். அதற்குமேல் அவரிடம் பேச ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்டது. இன்றைக்குக் காலை வகுப்பு முடிந்ததும், பல் வலிக்கிறது, டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பள்ளியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே கடைக்கு வந்துவிட்டாள்.

கடைக்குள் நாற்காலி காலியாகக் கிடக்க, மின்விசிறி அதற்கே காற்று வீசிக்கொண்டிருந்தது. வாசலில் சிவப்புக் கார் இன்ஜின் ஓடியபடி நின்றது. பக்கத்தில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர். காரின் மேல் வாஞ்சையோடு கையை வைத்தபடி, டை கட்டிய ஒருவர் நின்றிருந்தார். விற்கிற சரக்கின் மேல் இவ்வளவு பாசமா என்று மெதுவக்காவுக்கு மனசு இளகிவிட்டது.

ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன்" என்றார் அவர். "நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து கவனிக்கறேன்."

அப்படித்தான் வெள்ளோட்டம் ஆரம்பித்தது.

தெருமுனை தாண்டியதும் மெதுவக்கா தன் பேரத்துக்கு அடித்தளம் போட்டாள். பெட்டி வைக்க இடமே இல்லை என்றாள். இன்ஜின் சூடு முதுகில் அடிக்கிறது என்றாள். வேகத்தடை வந்தால் அடிவயிறு உரசும், மழை வந்தால் கூரை ஒழுகும், சேர்ந்தாற்போல் மூன்று பேர் விருந்துக்கு வந்தால் இரண்டு பேரை ஓடிவரச் சொல்ல வேண்டியதுதான் என்று அடுக்கினாள்.

டைக்காரர் எதையும் மறுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, "உள்ளதைச் சொல்றீங்க" என்றார். மெதுவக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. சரக்கைத் திட்டத் திட்டச் சந்தோஷப்படுகிற வியாபாரியை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"அந்த இன்ஜின் எங்கதான் இருக்கு? முன்னாலயும் தெரியல, பின்னாலயும் தெரியல" என்று அவர் கேட்டார்.

தன்னைச் சோதிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கேள்வி கேட்டே வாங்குகிறவர் வாயால் பெருமையைச் சொல்ல வைக்கும் புது ரக வியாபாரம் போலிருக்கிறது. ஆனாலும் ஆசிரியை ஆயிற்றே, தெரிந்த கேள்விக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? நம் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு முன்னால், நட்டநடுவில் இன்ஜின் இருக்கிறது, கனமெல்லாம் நடுவில் இருப்பதால்தான் வளைவில் கார் பம்பரம் மாதிரி நின்று திரும்புகிறது என்று விளக்கினாள். விளக்கியதோடு விடாமல் ஒரு வளைவில் திருப்பியும் காட்டினாள். கார் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் திரும்பியது.

"கூரையைத் திறந்து பார்த்துடலாமா?" என்றார் டைக்காரர்.

ஒரு பொத்தானை அழுத்தினாள். கூரை முனகிக்கொண்டே கிளம்பி, பாதி வழியில் வானத்தைப் பார்த்து நின்றுவிட்டது. வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை கையைத் தூக்கிய மாதிரி இருந்தது. அதை இறக்கப் பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். முதுகுக்குப் பின்னால் இன்ஜின் மூடி திறந்துகொண்டது. கண்ணாடியில் பின்னால் வருகிற எதுவும் தெரியவில்லை. ஹாரன் சத்தம் மட்டும் விதவிதமாகக் கேட்டது.

டைக்காரர் உதவிக்கு வந்தார். இருக்கையில் முட்டி போட்டு, பின்பக்கம் குனிந்து, இரண்டு கையாலும் மூடியை அழுத்தினார். மூடி டப்பென்று மூடியது, அவர் டையின் நுனியையும் சேர்த்து.

"ஒண்ணும் அவசரமில்லை" என்றார், குரல் கொஞ்சம் நசுங்கியிருந்தது. "ஓட்டுங்க. நான் இப்படியே பின்னால பார்த்துக்கிட்டு வரேன்."

மூடியைத் திறக்க, முன்பு அதைத் திறந்த அதே பொத்தானை மறுபடி அழுத்தினாள். இந்த முறை மூடி அசையவில்லை, கூரைக்கு உயிர் வந்து முழுசாக மடங்கி உள்ளே போய்விட்டது. கார் திறந்த வீடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் வந்து நின்றது பயிற்சிப் பள்ளிக் கார். பயந்த முகத்தோடு ஒரு மாணவி ஓட்ட, அவளருகில் மெதுவக்காவின் வீட்டுக்காரர்.

மெதுவக்காவுக்கு இல்லாத பல்லெல்லாம் வலித்தது. சட்டென்று இருக்கையில் வழுக்கி, கால் வைக்கிற பள்ளத்துக்குள் தலைவரை இறங்கிவிட்டாள். ஏறுவதற்கு அவ்வளவு பாடுபடுத்திய கார் ஒளிவதற்கு அருமையான இடமாக இருந்தது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஓட்டுகிற இருக்கையில் ஆளே இல்லை. பக்கத்து இருக்கையில் ஒருவர், பின்பக்கம் பார்த்து முட்டி போட்டபடி, அமைதியாக வந்துகொண்டிருக்கிறார்.

"பார்த்துக்கோம்மா" என்று வீட்டுக்காரர் மாணவியிடம் சொன்னது மெதுவக்காவின் காதில் தெளிவாக விழுந்தது. "ஆளே இல்லாம தானா ஓடற கார் வந்திருச்சு. இனிமே நம்ம பொழப்புல மண்ணுதான்."

பச்சை விழுந்தது. நிமிர்ந்தால் தெரிந்துவிடும், நின்றால் பின்னாலிருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். மெதுவக்கா குனிந்தவாறே ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மறு கையால் மிதியை அழுத்தி, வண்டியை மெல்ல நகர்த்தினாள். வழி சொல்ல வேண்டியவரோ பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலாகத் தலையை முடிந்தவரை திருப்பி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சொல்லச் சொல்ல ஓட்டினாள். இத்தனை வருடம் எத்தனை பேருக்கு வழி சொல்லியிருப்பாள்; சொல்கிறபடி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிந்தது. பயிற்சிக் கார் வேறு பக்கம் திரும்பியதும் எழுந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் டைக்காரர். "பின்னால ஒரு லாரி ரொம்ப நேரமா நம்மளையே துரத்திக்கிட்டு வருது. ஓட்டறவர் ஜன்னல் வழியா மஞ்சளா எதையோ ஆட்டறார்."

"உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?"

"இல்லையே. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது."

இரண்டு பேரும் யோசித்தார்கள். தெரியாத ஆள் மஞ்சளாக எதையோ ஆட்டிக்கொண்டு துரத்தினால் நல்ல எண்ணமாக இருக்க முடியாது என்று முடிவுக்கு வந்தார்கள். இந்தக் காரின் மேல் வேறு யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்று மெதுவக்கா நினைத்தாள். நினைத்ததும் கோபம் வந்தது. இது அவள் பார்த்த கார். அவள் மாணவர்களெல்லாம் சுற்றிச் சுற்றி வந்த கார்.

"நல்லாப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, கால் அதிகம் அறியாத அந்த இன்னொரு மிதியை, ஆக்ஸிலரேட்டரை, அடிவரை மிதித்தாள்.

முதுகுக்குப் பின்னால் இன்ஜின் கர்ஜித்தது. ஊரின் ஓரத்து நேர்ச்சாலை அவர்களை நோக்கிச் சுருண்டு ஓடிவந்தது. கொண்டை அவிழ்ந்து கூந்தல் காற்றில் பறந்தது. டைக்காரர் பின்னால் பார்த்தபடி, லாரி சின்னதாகிறது, இன்னும் சின்னதாகிறது, தீப்பெட்டி அளவாகிவிட்டது என்று நேர்முக வர்ணனை கொடுத்தார். பழக்கதோஷத்தில் மெதுவக்காவின் வாய் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தது, கால் கேட்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. காரணம் தெரியாமல், கண்ணில் நீர் வர, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"உண்மையைச் சொல்லுங்க" என்றார் அவர், மூச்சு வாங்க. "இதை எடுத்தா பின்னால வருத்தப்பட வேண்டியிருக்குமா?"

இனிமேல் பேரம் எதற்கு என்று தோன்றிவிட்டது அவளுக்கு. "எடுக்கலைன்னாதான் வருத்தப்படணும்" என்றாள். "இடம் இல்லாட்டி என்ன, மழை பெஞ்சா என்ன? மனுஷனுக்கு ஆயுசுல ஒரு தடவையாவது இப்படி ஒண்ணு வேணும்."

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, கார் இரண்டு முறை விக்கி, மூச்சடங்கி நின்றது. பெட்ரோல் முள் எப்போதோ படுத்துவிட்டிருந்தது. சுற்றிலும் வெறும் புல்தரை. தூரத்தில் தீப்பெட்டி மறுபடி லாரியாக வளர்ந்துகொண்டு வந்தது.

டைக்காரர் ஒருவழியாகத் தன் டையின் முடிச்சை அவிழ்த்து, அதைக் காருக்கே விட்டுக்கொடுத்துவிட்டு இறங்கினார். மெதுவக்காவும் கைகால்களை ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்தாள். லாரி பக்கத்தில் வந்து நின்றபோது அதன் கதவில் எழுதியிருந்ததைப் படித்தாள். கார்க் கடையின் பெயர். இறங்கி வந்தவர் முழங்கை வரை சோப்பு நுரையோடு, கையில் கார் கழுவுகிற மஞ்சள் ஸ்பாஞ்சோடு இருந்தார். "என் கார்..." என்றார், அதற்குமேல் மூச்சு ஒத்துழைக்கவில்லை.

மெதுவக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்தான் முதலாளி. பாவம், இந்த டைக்காரர் முதலாளியிடம் சொல்லாமலேயே வண்டியை வெளியே எடுத்திருக்கிறார். தன்னால் ஒருவருடைய வேலை போகக்கூடாது என்று முன்னால் வந்து நின்றாள்.

"அவர் மேல ஒரு தப்பும் இல்லைங்க. நான்தான் ஒரு ரவுண்டு கேட்டேன். தயவுசெஞ்சு அவரை வேலையை விட்டு எடுத்துடாதீங்க. வண்டியை நானே வாங்கிக்கறேன்."

"யாரை எடுக்கறது?" என்றார் முதலாளி. ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் அவர் செருப்பில் சொட்டியது.

டைக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, முதலாளியின் நுரைக் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"உங்க கடை நீலக் கோட்டு போட்ட இந்தம்மாவைத் திட்டாதீங்க சார், வாங்க வந்த நான் தயங்கிடக் கூடாதேன்னு அவங்களே வாங்கிக்கறதாச் சொல்றாங்க பாருங்க, இப்படி நேர்மையா விக்கிற ஆளை எந்தக் கடையிலயும் நான் பார்த்ததில்லை, வண்டியை என் பேருக்கே எழுதுங்க."