சின்னத்தேர் நிலைக்கு வந்த நாள்

காஞ்சிபுரத்தில் மொத்தம் எத்தனை தேர் என்று கேட்டால் கோயில்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். நம்பாதீர்கள். அதில் ஒன்று குறையும். விட்டுப்போன அந்த ஒன்றுதான் இருந்ததிலேயே வேகமானது, இருந்ததிலேயே சத்தமானது. அதற்கு வாயும் உண்டு.

சொந்தப் பெயர் என்று ஏதோ இருந்திருக்கும். ஊருக்கு அவர் சின்னத்தேர். தொழில் ரேடியோ ரிப்பேர். சின்ன வயதில் வந்த ஜுரத்தில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. மனிதர் அசரவில்லை. தச்சரிடம் ஒரு பலகை செய்யச் சொல்லி, லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்குகளை நாலு மூலையிலும் மாட்டிக்கொண்டார். கைக்கு ஒரு மரக்கட்டை பிடித்துத் தரையை உந்தினால் வண்டி பறக்கும். அந்தக் கடகட சத்தம் கேட்டால் தேரடியில் எருமைகூட ஒதுங்கி நிற்கும்.

பெரிய தேருக்குச் சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை போடுவார்களே, அதே மாதிரி கைக்கடக்கமாக இரண்டு வைத்திருந்தார். இறக்கத்தில் வண்டி ஓட ஆரம்பித்தால், "கட்டை போடுப்பா!" என்று ஒரு சத்தம். எதிரே வருபவர் ஜரிகைக் கடை முதலாளியாக இருந்தாலும் குனிந்து கட்டையைப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். யாராவது "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்.

"இன்னாத்துக்குப் பாவம்? உன் வூட்டு ரேடியோ ஆறு மாசமா ஊமையா கெடக்குது. அத்தப் பார்த்து பாவம்னு சொல்லு!"

அந்த நாளில், அறுபதுகளின் கடைசி என்று வையுங்கள், எங்கள் ஊர் வீதிகள் மனிதர்களுக்காகப் போட்டவை அல்ல. எங்கும் பள்ளம், திறந்த சாக்கடை, தெருவை அடைத்துக்கொண்டு கல். ஆனால் வைகாசியில் தேர் வருகிறது என்றால் போதும். பள்ளம் மூடும், சாக்கடை மேல் பலகை விழும், குறுக்கே தொங்கும் மின்சாரக் கம்பி மேலே போய்விடும். ஆகவே சின்னத்தேர் வருஷம் முழுவதற்குமான வெளிவேலைகளைத் தேரன்றைக்கே வைத்துக்கொள்வார். பெரிய தேர் முன்னால் போக, பின்னாலேயே இவர் போய் முடி வெட்டிக்கொள்வார், மச்சினர் வீட்டில் சண்டை போடுவார், ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கிக்கொள்வார். மாசியில் வலிக்க ஆரம்பித்த பல்லை வைகாசி வரைக்கும் வாயில் வைத்திருந்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"அதுக்கும் சக்கரம், எனக்கும் சக்கரம்," என்பார் என்னிடம். "அது வருசத்துக்கு ஒருக்கா வருது. நான் தெனம் வர்றேன். ரோடு யாருக்குத் தம்பி போடணும்?"

என்னிடம் கேட்கக் காரணம், நான் அப்போது ஒரு ஆபீசில் குட்டிக் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், பென்ஷனில் கைவைத்துவிடுவார்கள். பஸ் நிலையத்துக் கடைகளை ஏலம் விடுகிற ஆபீஸ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாசலில் அகலமான சாக்கடை, அதன் மேல் ஒற்றைக் கல், கல்லைத் தாண்டினால் ஐந்து படி. உள்ளே மேனேஜர். தங்கமான மனிதர். கடவுளுக்கும் ரூலுக்கும் தவிர வேறு எதற்கும் பயப்படமாட்டார்.

சின்னத்தேருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கடை. பஸ் நிலையத்தில் மூலைக் கடை. அதற்குப் படியே கிடையாது, தரையோடு தரை. மழைத் தண்ணீர் வரும், நாய் படுக்கும் என்று மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். இவர் ஒருத்தர் உதவி இல்லாமல் உள்ளே போய்வரக்கூடிய கடை ஊரில் அது ஒன்றுதான். இருந்த இடத்தையோ, ஆடி பிறப்பதற்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். கடை கிடைக்காவிட்டால் தொழில் போச்சு.

அதற்கு முந்தின வருஷமே ஒருதரம் அந்தக் கடைக்காக ஏலத்துக்கு வந்திருந்தார். ஒற்றைக் கல்லில் வண்டி ஏறாது. இரண்டு பேர் தூக்கிப்போக வந்தார்கள்.

"யோவ், கைய எடு! ஏலம் கேக்க வந்தவன்யா நான், ஏலத்துக்கு வந்த சரக்கு இல்ல! தேரை எவனாச்சும் தூக்குவானா?"

தெருவில் இருந்தபடியே ஏலம் கேட்டார். அந்தத் தொண்டைக்குச் சுவர் ஒரு பொருட்டல்ல. மேனேஜர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஏலம் கேட்கிறவர் என் மேசைக்கு முன்னால் நேரில் இருக்கணும். வெளியிலிருந்து வருகிற குரல் செல்லாது!"

"குரல் உள்ள வந்துச்சே சார், அது நேர்ல வந்த மாதிரிதானே?"

"குரல் கையெழுத்துப் போடுமாய்யா?"

கடை வேறொருவருக்குப் போயிற்று. அவரும் நாயோடு போராடிவிட்டு வருஷக் கடைசியில் ஓடிப்போனார். மறுபடி ஏலம் வந்தது. அந்த வருஷம் அது தேருக்கு மறுநாள்.

அன்று காலை ஆட்கள் பலகைகளை எடுக்க வந்தார்கள். எங்கள் வாசல் சாக்கடை மேல் போட்டிருந்த பலகையின் நட்டநடுவில் சின்னத்தேர். புது வேட்டி, முறுக்கிய மீசை, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை.

"நவுருப்பா, பலகைய எடுக்கணும்," என்றான் மேஸ்திரி.

"எப்படிப்பா எடுப்ப? தேரு இன்னும் நிலைக்கு வரலையே."

"நேத்தே வந்துடுச்சே!"

"அது பெரிசு. சின்னது வந்துகினே இருக்குது."

கூட்டம் சேர்ந்தது. மேனேஜர் படிமேல் வந்து நின்றார். "உன் தேருக்கு நிலை எங்கேய்யா?"

"உங்க மேசைக்கு முன்னாடிதான் சார். போன வருசம் நீங்கதானே சொன்னீங்கோ?"

மேனேஜர் ரூல் புத்தகத்தை எடுத்துவரத் திரும்பினார். அதற்குள் பூக்காரம்மா ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தேரு நடுவுல நின்னா ஊருக்கு ஆவாது சார்," என்றாள். அவ்வளவுதான். சும்மாயிருந்த கூட்டத்துக்குச் சாமி வந்துவிட்டது. மேஸ்திரியே இரண்டு பலகைகளைத் தூக்கி ஐந்து படிகள் மேலும் சாய்த்தான். ஆபீஸ் கிணற்றுக் கயிற்றை நான்தான் அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தேன். அதை வண்டியில் கட்டினோம். வருஷாவருஷம் தேருக்கு முதலில் வடம் தொடுகிறவர் மேனேஜர். பழக்க தோஷம், குனிந்து கிணற்றுக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டார்!

"கோவிந்தா!" என்றது கூட்டம். இழுத்தோம்.

"மெதுவாப்பா! இடப்பக்கம் விடாதே! கட்டை போடு, கட்டை போடு!" என்று மேலே உட்கார்ந்து அதிகாரம் பண்ணிக்கொண்டே ஏறினார் மனிதர். மேசைக்கு முன்னால் வண்டி நின்றதும் கட்டையைத் தானே போட்டுக்கொண்டு, "இப்ப ஆரம்பிங்க சார்," என்றார். மூலைக் கடைக்கு வேறு ஆள் கேட்கவில்லை. கையெழுத்து, பட்டையாக, மீசை மாதிரியே போட்டார்.

மேனேஜர் நிம்மதியாக மூச்சுவிட்டு, "பலகையை எடுங்கப்பா," என்றார்.

"அது எப்படி சார்? மாசாமாசம் வாடகைய நேர்ல வந்து கட்டணும்னு ரூல் இருக்குதே."

ரூல் என்றால் மேனேஜருக்கு மறுபேச்சு கிடையாது. பலகையோ கோயிலுடையது, திருப்பித் தரவேண்டும். வேறு வழியில்லாமல் சாக்கடையை மூடி, படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு சரிவு கட்டினார்கள். கட்டிய வாரமே அதில் கர்ப்பிணிப் பெண்கள் ஏறினார்கள், தடி ஊன்றிய பெரியவர்கள் ஏறினார்கள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மேனேஜரும் ஏறினார். ஒருநாள் ஒரு ஆடும் ஏறி வந்து, சுவரில் இருந்த தலைவர் படத்து மாலையைத் தின்றுவிட்டது.

"பாருய்யா, உன்னால் வந்த வினை!" என்று குதித்தார் மேனேஜர்.

"இன்னா வேலையா வந்துச்சுன்னு கேட்டீங்களா சார்?" என்றார் சின்னத்தேர்.

மூலைக் கடையில் அவர் ரேடியோ பல வருஷம் பாடியது. நாயும் அங்கேயேதான் படுத்திருந்தது. பிறகு ஒரு ஐப்பசி மழையில் இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டார். நான் எத்தனையோ தரம் தேர்வடம் பிடித்திருக்கிறேன். அந்தக் கிணற்றுக் கயிறு தந்த சந்தோஷத்தை வேறெந்த வடமும் எனக்குத் தரவில்லை.

இப்போதும் வைகாசியில் தேர் பார்க்கப் போகிறேன். கோவிந்தா என்று ஊரே அண்ணாந்து பார்க்கும். நான் மட்டும் கீழே, தேருக்குப் பின்னால், தரையோடு தரையாகத் தேடிக்கொண்டிருப்பேன்.