பயாப்ஸிக்கு முந்திக்கொண்டவர்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் ஓர் இனம் உண்டு. முந்தித்துக்கிகள் என்று அவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். துக்கம் வந்தபின் விசாரிப்பது எல்லோரும் செய்வது. இவர்கள் அது வருமுன்பே போய்த் துண்டு போட்டு இடம்பிடிப்பவர்கள்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாசலில் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி, முகத்தைத் தொங்கவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கட்டிலில் இருப்பவளை விட்டுவிட்டு நம்மைத் தனியே இழுத்து, "அவகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று, அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி ரகசியம் பேசுவார்கள். எதைச் சொல்வது? டாக்டருக்கே இன்னும் தெரியாததையா?

என் தங்கைக்குப் பித்தப்பையில் கோளாறு. அவள் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறியவள் அவள் ஒருத்திதான். அவளுடைய சர்டிபிகேட்டுகளைத் தூசி தட்டி, ஓரம் மடங்காமல் அடுக்கி வைப்பது இன்றும் என் வேலை. ஸ்கேனில் பையின் சுவர் தடித்து, ஈரலோடு ஒட்டிக் கிடந்தது. சர்ஜன் எதையும் ஒளிக்கவில்லை.

"கல்லு உறுத்தி உறுத்தி வந்த பழைய வீக்கமாவும் இருக்கலாம். புற்றுநோயாவும் இருக்கலாம். பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியேதாம்மா இருக்கும். பைய எடுத்து பயாப்ஸி பண்ணாத்தான் தெரியும்."

எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து முடிவுக்குக் காத்திருந்தோம். அப்போது வந்தார், அம்மாவின் தம்பியான எங்கள் மாமா. ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்தார். பெருமூச்சு விட்டார்.

"மனசத் தேத்திக்கம்மா. நான் எத்தனை பேரப் பாத்திருக்கேன்!"

"இன்னும் ரிசல்ட்டே வரல மாமா" என்றேன் நான்.

"வரட்டும், வரட்டும். ஆமா, இவ ஸ்கூட்டர் சும்மாதானே நிக்குது? எங்க மாப்பிள்ளை பஸ்ஸுக்கு நின்னு நின்னே தேயறார்."

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "சாவிய எடுத்துக் குடுத்துடுக்கா. இனி எனக்கெதுக்கு?"

சாவியை எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். ஸ்கேன் படம் செய்யாததை மாமாவின் சாய்ந்த கழுத்து செய்துவிட்டது.

முடிவு வந்தது. கல்லால் வந்த பழைய வீக்கம்; புற்றுநோய் இல்லை. மாமாவுக்குப் போன் போட்டேன். ஓடி வந்தும் பஸ்ஸைத் தவறவிட்டவர் குரலில், "அப்படியா?" என்றார். "எதுக்கும் இன்னொரு எடத்துல காட்டுங்க. சிலசமயம் ரிசல்ட் மாறிடும்."

தங்கை போனைப் பிடுங்கினாள். "கண்டிப்பா காட்டறேன் மாமா. ஸ்கூட்டரத் திருப்பி அனுப்புங்க, அதுலயே போயிக்கறேன்."

மாமாவைப் பார்த்துச் சிரித்தாயிற்றா? இப்போது நான் ஒன்று கேட்கிறேன். 'ஈரலோடு ஒட்டிக் கிடந்தது' என்று படித்தீர்களே, அந்த இடத்திலேயே என் தங்கையின் கதையை முடித்து, 'பாவம்' என்று தலையைச் சாய்த்தீர்களா, இல்லையா? பரவாயில்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வெளியே போங்கள். பக்கத்து வீட்டில் யாரோ ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.